கெட்டுப்போன சொல்

உட்காரச் சொன்னால் உட்காரும்.
'இஸ்து' என்று நான் முடிக்குமுன்
பின்புறம் பனியில் பதிந்திருக்கும்.
'பைக்கா' என்றால் இருந்த இடத்தில் இருக்கும்,
ரொட்டி வண்டி கடந்து போனாலும்
காகம் கண்ணெதிரே நடந்து காட்டினாலும்.
வா என்றால் மட்டும் வராது.

'தான்னெ' என்று கூப்பிடுவேன்.
நாப்பி காதைப் பின்னுக்கு மடித்து
எதையோ தொலைத்ததுபோல் தரையை மோந்து
அரைவட்டம் அடித்து
கைக்கெட்டாத தூரத்தில் நிற்கும்.
கெமி நகரத்துப் பிப்ரவரி, மைனஸ் பத்தொன்பது.
ஒருமுறை அப்படியே நாற்பது நிமிடம் நின்றோம்,
துறைமுக வேலிக்கு இப்பக்கம் நான், அப்பக்கம் அது.
பனி உடைக்கும் கப்பலின் மேல்தளத்திலிருந்து
மாலுமிகள் வேடிக்கை பார்த்தார்கள்.
ஒருவன் விசிலடித்தான்.
நாப்பி அவனிடம் போகப் பார்த்தது.

முன்பு வளர்த்தவன் அடித்திருப்பான் என்றேன்
பயிற்சிக்காரி ரைலியிடம்.
ஐஸ் ஹாக்கி அரங்கின் வண்டி நிறுத்தத்தில் வகுப்பு.
கையுறையோடு காபி குடித்தபடி கேட்டாள்:
"கடைசியாக அது வந்தபோது என்ன செய்தீர்கள்?"
நகம் வெட்டினேன்.
"அதற்கு முன்னால்?"
குளிப்பாட்டினேன்.
"அதற்கும் முன்னால்?"
ஏன் இவ்வளவு நேரம் என்று கத்தினேன்.
கோப்பையைக் கார்க் கூரையில் வைத்தாள்.
"அந்தச் சொல் கெட்டுப்போய்விட்டது.
திரிந்த பாலை மறுபடி காய்ச்சிப் பயனில்லை, கொட்டிவிடுங்கள்.
புதிதாக ஒன்று தேடுங்கள்,
வீட்டில் யாரும் கோபத்தில் சொல்லாததாக."

அன்றிரவு சமையலறை மேசையில்
நானும் மகளும், ஒரு காகிதமும்.
தைமிக்குப் பதினாலு வயது.
ஒரு வாரம் என்னிடம், மறுவாரம் தாயிடம்.
கதவு என்றேன். "கதவு கூடாது."
தட்டு? "தட்டா? அப்பா!"
செருப்பு, போன், கணக்கு, பஸ்,
அடித்துக்கொண்டே வந்தாள்.
சும்மா, விளையாட்டாகக் கேட்டேன்: தைமி?
பென்சில் கொஞ்ச நேரம் நின்றது.
"அதுவும்தான்," என்றாள்.

கடைசியில் கிடைத்தது பீட்ரூட். புனயூரி.
இந்த வீட்டில் யாரும் தின்னாதது,
அதனால் யாரும் சண்டை போடாதது.

மார்ச் மாதம் முழுக்க, ஊர் பார்க்க,
ஒரு வளர்ந்த ஆள் உறைந்த கடல்மேல் நின்று
பீட்ரூட், பீட்ரூட் என்று கூவினான்.
பத்து மீட்டர் கயிறு, பை நிறைய மத்தித் துண்டுகள்.
முதலில் ஓரடிக்கு ஒரு துண்டு, பிறகு மூன்றடிக்கு.
ரைலியின் விதி ஒன்றே ஒன்று:
எப்போது வந்தாலும், எப்படி வந்தாலும்
வந்ததற்கு நன்றி சொல். மற்றது பிறகு.
வெயில் பட்டுப் பனி இளகிய ஓரத்திலிருந்து ஒருநாள்
போன வருடத்து மீன் தலையைக் கவ்விக்கொண்டு வந்தது.
நன்றி சொன்னேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு.
அப்புறம்தான் 'இர்த்தி', விடு.

ஏப்ரலில் கயிற்றை அவிழ்த்தேன்.
ஓடி ஓடிப் புள்ளியானது.
கூப்பிட்டேன்.
புள்ளிக்குக் காது முளைத்தது.

மே முதல் நாளுக்கு முந்தின இரவு,
பத்தரைக்கு வருகிறேன் என்று போன தைமி
ஒன்றே காலாகியும் வரவில்லை. போன் அணைந்திருந்தது.
மேசையில் விரல் தட்டியபடி பேச்சைத் தயாரித்தேன்.
நல்ல பேச்சு. மூன்று பகுதி,
நடுப்பகுதியில் அவள் தாயும் வருவாள்.
சாவி திரும்பியது.
உள்ளே வரவில்லை அவள். வாசலிலேயே,
கைக்கெட்டாத தூரத்தில் நின்றாள்,
தரையைப் பார்த்துக்கொண்டு.
நாப்பி எழுந்து என்னைப் பார்த்தது.

"வந்துட்டியா," என்றேன். "நல்லது."
பேச்சு தொண்டையில் கிடந்து புரண்டது. விழுங்கினேன்.
இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள், மிச்சத்துக்காக.
பிறகு பூட்ஸைக் கழற்றி
வழக்கம்போல நடுவழியில் போட்டுவிட்டு
பசிக்கிறது என்றாள்.